சவரியண்ணன் சொல்லாம வுட்ட வரி

என் சவரியண்ணனுக்கு,

கொத்தனார் கரண்டியும் ரசமட்டமும் இல்லாத இடத்துல நீ எப்டித்தான் பொழுதை ஓட்டுறியோ, நல்லா இருப்பேன்னு நம்பித்தான் எழுதுறேன்.

மொதல்ல ஒன்னை ஒத்துக்கிறேன், வேற யாராவது வந்து உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி. உன் முப்பதாம் நாள் பூசையில நான் தூங்கிட்டேன். சும்மா கண்ணு அசந்தது இல்ல, குறட்டை. பிரசங்கத்துல சாமியார் "நம்மை விட்டுப் பிரிந்த அன்பர் சவரிமுத்து" ன்னு இழுக்கிற நேரத்துல, என் மூக்குல இருந்து லாரி மேடேறுற மாதிரி சத்தம் வந்துச்சாம். கோயில்பிள்ளை காணிக்கைப் பை கட்டின கோலால என் விலாவுல ஒரு இடி இடிச்சாரு. நான் தூக்கக் கலக்கத்துல, டீக்கடையில இருக்கிற நெனப்புல "ரெண்டு போண்டாவா, மூணா?" ன்னு கேட்டேன்.

கோயிலே சிரிச்சது. நீ இருந்திருந்தா நீதான் மொதல்ல சிரிச்சிருப்ப. கூடப் பொறந்தவனுக்கு அழவேண்டியவ குறட்டை வுட்டான்னு ஊர்ல இன்னும் பேச்சு ஓயல. ஏன் தூங்கினேன்னு ஒருத்தரும் கேக்கல. முப்பது நாளா கண்ணை மூடாதவ பின்ன எங்கதான் தூங்குவா? ஏன் கண்ணை மூடலைங்கிறதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இது உனக்கு மட்டும் எழுதுறது இல்லண்ணா. நவம்பர் ஆன்மாக்கள் மாசம் இல்லையா? செத்துப்போன நம்ம ஆளுங்களுக்கு ஆளுக்கொரு கடுதாசி எழுதி, கோயில் வாசல் பலகையில ஒட்டணும்னு புது சாமியார் சொல்லிட்டாரு. ஆமா, பழைய சாமியாரை ஜூன் மாசம் மாத்திட்டாங்க. இவரு சின்னப் பையன், மீசையே இப்பதான் ஒழுங்கா வருது.

"சாமி, நான் அஞ்சாங்கிளாசு, அதுவும் பாதியில நின்னவ" ன்னேன்.

"மோட்சத்துல எழுத்துப் பிழை பார்க்க மாட்டாங்கம்மா" ன்னாரு.

"மோட்சத்துல பார்க்க மாட்டாங்க சாமி, பலகையில பார்ப்பாங்களே" ன்னேன். சிரிச்சிட்டுப் பேப்பரைக் கையில குடுத்துட்டாரு.

எல்லாரும் அழகா எழுதியிருக்காங்க. மேலத்தெரு டீச்சரம்மா, அவங்க அப்பா வானதூதரோட சேர்ந்து பாடிக்கிட்டிருப்பாருன்னு எழுதியிருக்காங்க. அந்த மனுசன் உசிரோட இருக்கும்போது பாடினா தெருநாய் எழுந்து போய்டும். பாவம் வானதூதருங்க.

எனக்கு அப்டி எழுத வரல. அவங்க அப்பாவை எங்க வெச்சி எழுதுறதுன்னு அவங்களுக்குத் தெரியுது. உன்னை எங்க வெச்சி எழுதுறது? மோட்சமா, பாவம் தீர்ற வரைக்கும் காத்துக் கெடக்கிற உத்தரிக்கிற ஸ்தலமா, இல்ல அந்த மூணாவது எடமா? விலாசம் தெரியாம ஒரு கடுதாசியை எப்டிண்ணா ஆரம்பிக்கிறது?

சரி, ஊர் சேதி சொல்றேன். ரோடு போட்டுட்டாங்க. ஒடுகத்தூர்ல இருந்து நம்மூர் வரைக்கும் தார் ரோடு. ஆட்டோக்காரன் இருபது நிமிசத்துல கொண்டாந்து வுட்டுடறான். மலையில இருந்து சாமையும் புளியும் இப்ப லாரியில இறங்குது. எல்லாரும் சந்தோசமா போறாங்க, வர்றாங்க. நான் அந்த ரோட்டைப் பார்க்கிறப்ப வாயில வர்றதை எழுதினா, சாமியார் பலகையில ஒட்ட மாட்டாரு.

பலகையில படிக்கிறவங்கள்ல புதுசா குடி வந்தவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு அமலியைத் தெரியாது. அவங்களுக்காகச் சொல்லிடறேன், நீ பொறுத்துக்க.

அமலி போய்ப் பதினெட்டு வருசம் ஆச்சி. அண்ணி அமலியைப் பெத்த கையோட போய்ட்டாங்க. நீ ஒரு கையில கரண்டி, ஒரு கையில பொண்ணுன்னு வளர்த்த. சாரத்து மேல நின்னு பூசிக்கிட்டே கீழ மணல்ல வெளையாடுறவளுக்கு வாய்ப்பாடு கேப்ப. உனக்கே பன்னெண்டாம் வாய்ப்பாடு தெரியாது, அவ தப்பா சொன்னாலும் "பலே" ம்ப. அப்டி வளர்ந்து பதினோரு வயசு ஆயிருந்துச்சி.

அன்னைக்குக் கோயில் திருவிழாவோட கடைசி நாள். நம்மூர் சின்ன ஊரு, தனியா தேர் கெடையாது. இன்னாசி மாமாவோட ஜீப்புதான் தேர். மலைக்குப் போய்ட்டு வர்ற ஜீப்பைக் கழுவி, வாழைமரம் கட்டி, சீரியல் லைட்டு போட்டு, மேல புனிதரோட சுரூபத்தை ஏத்தினா அதுக்குப் பேரு தேர். சாயந்தரம் ஆறு மணிக்குப் பவனி. நாலு மணிக்கு, அந்தத் தேருக்குக் கட்டறதுக்கு மாவிலை பறிக்கப் போன எடத்துல அமலியைக் கண்ணாடிவிரியன் கடிச்சிடுச்சி.

நீ அவளைத் தோள் மேல போட்டுக்கினு ஓடி வந்த. அப்போ நம்மூர்ல சிக்னல் கெடையாது, ஆட்டோ கெடையாது. நாலு சக்கரம் வெச்ச வண்டி அந்த ஜீப்பு ஒன்னுதான். இன்னாசி மாமா கோயில் கமிட்டித் தலைவரு. வெள்ளை வேட்டி கட்டிக்கினு ஜீப்பு முன்னாடி நின்னுட்டிருந்தாரு.

"சுரூபத்தை ஏத்திக் கட்டியாச்சி சவரி. சாமியார் மந்திரிச்சிட்டும் போய்ட்டாரு. இனிமே இறக்கினா ஊருக்கு ஆகாது. பைக்குல ஜல்தியா போ, புனிதர் பார்த்துப்பாரு" ன்னாரு.

நான் பக்கத்துலதான் நின்னேன். கயிறை அவுக்க அஞ்சு நிமிசம் ஆயிருக்கும்.

பைக்குல நீ முன்னாடி, அமலி நடுவுல, நான் பின்னாடி. குழியும் கல்லுமா ரோடு. பாதி வழியில அவ என் கையில கனமாயிட்டா. நான் உன்கிட்ட சொல்லல, நீ ஓட்டிக்கினே இருந்த. ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில டாக்டர், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு மட்டும் சொன்னாரு. அங்க புடிச்ச ஆட்டோவுல மடியில போட்டுக்கினு திரும்பி வர்றப்ப, எதிர்ல தேர் வந்துச்சி. மேளம், வெடி, லைட்டு. வழி வுடணுமேன்னு நாம ஆட்டோவை ஓரமா நிறுத்தினோம்.

அவ்ளோதான் கதை. அதுக்கப்பறம் நீ கோயிலை வுட்டுடுவேன்னு ஊரே நெனச்சது. நீ வுடல. ஞாயித்துக்கிழமை ஆனா ஆம்பளைங்க பக்கம் மூணாவது ஜன்னல்கிட்ட நிப்ப. பாட்டு பாடுவ, மந்திரம் சொல்லுவ. ஆனா பரலோக மந்திரத்துல, நமக்குத் தப்பு செஞ்சவங்களை நாமளும் மன்னிக்கிறோம்னு ஒரு வரி வருமே, அந்த வரி வந்ததும் உன் வாய் மூடிக்கும். வரி போனதும் திறந்துக்கும். பொம்பளைங்க பக்கத்துல இருந்து நான் வாராவாரம் பார்ப்பேன். ஒரு தபா கூட நீ மறந்து சொன்னது இல்ல.

தபசுகாலத்துல ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்துக்குப் போன, ஞாபகம் இருக்கா? போன வேகத்துல வெளிய வந்த.

"இன்னாண்ணா, அதுக்குள்ள வந்துட்ட? பாவம் கம்மியா?" ன்னு கேட்டேன்.

"இன்னாசியை மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்றாரும்மே. சொன்னாத்தான் பாவப்பொறுத்தல் குடுப்பாராம்."

"சொல்லிட்டு வர்றதுதானே? வாய்தானே, தேயவா போவுது?"

"சாமி முன்னாடி முட்டி போட்டுக்கினு பொய் சொல்லச் சொல்றியா? நெஞ்சுல இல்லாததை வாயில எப்டிமே வெக்கறது?"

அன்னையில இருந்து பூசையில சாமியார் குடுக்கிற அப்பத்தை, அந்த நன்மையை வாங்கறதையும் நிறுத்திட்ட. எல்லாரும் வரிசையில போறப்ப நீ ஜன்னலைப் பார்த்துக்கினு நிப்ப. நான்? நான் அந்த வரியைக் கணீர்னு சொல்லுவேன். வரிசையில போய் நாக்கை நீட்டி நன்மை வாங்குவேன். வெளிய வந்து இன்னாசி மாமாவை நாலு வார்த்தை மனசுக்குள்ள திட்டிட்டுக் கடையைத் திறந்து போண்டா போட ஆரம்பிச்சிடுவேன். வருசம் பூரா அப்டித்தான். ஊர்ல பாதிப் பேரு அப்டித்தான். எங்களுக்கெல்லாம் மோட்சம், வாயை மூடின உனக்கு இல்லன்னா, அது எந்த ஊரு நியாயம்ணா?

இப்ப நான் சொல்லப்போறது உனக்குத் தெரியாதது. தெரிஞ்சிருந்தா நீ என் கடையில டீ குடிச்சிருக்க மாட்ட.

இன்னாசி மாமாவுக்கு வயித்துல கட்டி வந்து படுத்தாரு இல்லையா? கடைசியில எலும்பும் தோலுமாத்தான் இருந்தாரு. ஒருநாள் அவரு சம்சாரம் தெரேசாக்கா, மாமா என்னைப் பார்க்கணும்ங்கிறாருன்னு என் கடைக்கு வந்து கூப்பிட்டாங்க. போனேன். என்னைக் குந்தச் சொன்னாரு. தெரேசாக்காவைத் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாரு.

"ரோசா, சவரியை ஒரே ஒரு தபா வரச் சொல்லும்மா. என்னால எழுந்து அங்க வர முடியல. அவன் வந்தான்னா கட்டில்ல இருந்து இறங்கி அவன் கால்ல வுழுந்துடுவேன். அமலி தெனமும் கனவுல வர்றா" ன்னாரு.

எனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் கிண்டல் வருமே. எழவு வூட்டுலயே வரும். சிரிச்சிக்கினே சொன்னேன்: "அதுக்கின்னா மாமா, சொல்றேன். ஜீப்பு சும்மா இருந்தா அனுப்புங்க, ஏறி வருவாரு."

அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. தெரேசாக்கா தண்ணிச் சொம்போட வந்தாங்க. நான் வாங்கி முழுசும் குடிச்சிட்டு வந்தேன்.

பொய் சொல்ல மாட்டேண்ணா, அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சி. இத்தினி வருசமா மடியில கட்டி வெச்சிருந்த கல்லைக் குறி பார்த்து எறிஞ்ச மாதிரி. அந்தச் சந்தோசத்துல மாவுல உப்பு போட மறந்து, வந்தவங்க எல்லாரும் என்னைத் திட்டிட்டுப் போனாங்க.

உன்கிட்ட நான் சொல்லவே இல்ல. அப்பறமும் ரெண்டு தபா தெரேசாக்கா கடைக்கு வந்து "அண்ணன்கிட்ட சொன்னியா ரோசா?" ன்னு கேட்டாங்க. "சொல்லிட்டேங்க்கா, அவரு ஒன்னும் சொல்லல" ன்னேன். ரெண்டாவது தபா கேட்டப்ப நீ பத்தடி தள்ளி பெஞ்சியில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்த. அந்தம்மா உன்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனாங்க. "இன்னாமே, இந்தம்மா மொறைக்குது?" ன்னு நீ கேட்ட. "பல்லு வலியாம்" ன்னேன்.

ஏன் அப்டி செஞ்சேன்? நீ போக மாட்டேன்னு நெனச்சி இல்லண்ணா. நீ போயிடுவியோன்னு பயந்துதான். போய், அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, மனசு இளகி மன்னிச்சிட்டு வந்துடுவியோன்னு. நான் மன்னிக்கல, நீயும் மன்னிக்கக்கூடாது. அமலி கனமானது என் கையிலதானே? உன் கையில இல்லையே.

தை மாசம் அவரு போய்ட்டாரு. அதுவும் மாசத்தோட மொத வெள்ளி, தலைவெள்ளிக்கிழமை. பாவசங்கீர்த்தனம் பண்ணி, நன்மை வாங்கி, நோயில்பூசுதல் வாங்கி, சாமியார் தலைமாட்டுல நின்னு செபம் சொல்லச் சொல்ல அடங்கிச்சாம். அடக்கத்துக்கு மூணு சாமியாருங்க. இது பாக்கியமான மரணம், இதுக்கு மேல ஒரு கிறிஸ்தவனுக்கு இன்னா வேணும்னு பிரசங்கம். நான் பின்வரிசையில நின்னு கேட்டேன். பத்து நிமிசத்துல எல்லாம் கழுவிப் போச்சா? எண்ணெயைத் தொட்டு நெத்தியில வெச்சா முடிஞ்சிதா? மோட்சம் இவ்ளோ சுலுவா? கயிறு அவுக்கறதை வுட சுலுவா இருக்கே!

மூணாம் நாள் தெரேசாக்கா உன் வாசலுக்கு வந்தாங்க. நானும் அங்கதான் இருந்தேன்.

"சுத்துப்பட்டுல கல்லறை கட்ட உன்னை வுட்டா ஆள் இல்ல. கட்டுவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு" ன்னாங்க. உன் மூஞ்சைப் பார்க்காம கதவைப் பார்த்துப் பேசினாங்க.

நான் ஏதோ கிண்டலா சொல்ல வாயெடுத்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்திட்ட. "மணல் இறக்கி வெச்சிடுங்க" ன்ன. அவ்ளோதான்.

அஞ்சு நாள் கட்டின. ரசமட்டத்தை நாலு பக்கமும் மாத்தி மாத்தி வெச்சிப் பார்த்த. தலைமாட்டுல ஒரு மூலை நூல் அளவு சரிஞ்சிருக்குன்னு, கட்டினதைப் பேத்துட்டு மறுபடியும் கட்டின. மேல பூசினது இன்னைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம அம்மா அப்பா கல்லறைக்குக் கூட நீ அவ்ளோ இழைக்கல.

நாலாம் நாள் நான் டீ கொண்டாந்தேன்.

"இன்னாண்ணா, இந்த மனுசனுக்கு இவ்ளோ பதவிசா? கொஞ்சம் கோணையா கட்டேன், படுத்திருக்கிறவருக்கு முதுகுல குத்தட்டும்."

நீ கலவையை அள்ளி அப்பின.

"நெசமாத்தான் கேக்கறேன். மன்னிச்சிட்டியா?"

"கலவை காஞ்சிடும். டீயை வெச்சிட்டுப் போமே."

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் மந்திரமே சொல்லல, உன் வாயையே பார்த்துக்கினு நின்னேன். அந்த வரி வந்துச்சி. மூடிக்கிச்சி.

அப்ப அந்தக் கல்லறை இன்னாண்ணா? வேலையா? மன்னிப்பா? கை மன்னிச்சா போதுமா, இல்ல வாயும் வந்து சாட்சி சொல்லணுமா? நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்டி ராத்திரி பகலா மண்டையை உடைச்சிக்க மாட்டேன். இல்ல, உனக்கே தெரியாதா?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் செவ்வாய்க்கிழமை காலையில நீ என் கடை பெஞ்சியில உக்காந்த. ஒரு வாய் டீ குடிச்ச. "சூடே இல்லமே" ன்ன. "நாக்கு வெந்துடப் போவுதுன்னு ஆத்திக் குடுத்தேன், கல்யாண மாப்பிள்ளை பாரு" ன்னு சொல்லிக்கினே திரும்பினேன். நீ தூண்ல சாஞ்சிருந்த. டம்ளர் கூட கீழ வுழல.

என் வூட்டுக்காரரு சாமியாருக்கு ஓடினாரு. சாமியார் வூடு பூட்டியிருந்துச்சி. அன்னைக்கு எல்லாச் சாமியாருங்களும் ஆயர் கோயிலுக்குப் போயிருந்தாங்க. எதுக்குத் தெரியுமா? நோயாளிங்களுக்குப் பூசற எண்ணெயை மந்திரிச்சி வாங்கிட்டு வர. வருசத்துல அதுக்குன்னு ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாளைப் பார்த்து நீ போய்ட்ட. சாயந்தரம் அவரு புது எண்ணெயோட வந்து இறங்கறப்ப நீ சில்லுன்னு ஆயிட்டிருந்த.

எழவுக்கு வந்தவங்க வாயைக் கேக்கணுமே. "பதினேழு பதினெட்டு வருசமா நன்மை வாங்காத கட்டை. எண்ணெய் பூசாமலே போய்ட்டான் பாரு." அப்பால, குழாயடியில தெரேசாக்கா சொன்னதை என் காதால கேட்டேன்: "செத்துக்கினு இருந்த மனுசன் மூணு தபா கூப்பிட்டு அனுப்பினாரு. எட்டிப் பார்க்கல. கல்லறை மட்டும் கட்ட வந்துட்டாரு, செத்துட்டாருன்னு உறுதி பண்ணிக்க." குடத்தைத் தூக்கிக்கினு போறப்ப என்னை இடிச்சிட்டுப் போனாங்க. அன்னையில இருந்து பேச்சு இல்ல.

நான் அந்த எடத்துலயே சொல்லியிருக்கணும். சொல்லல. குடம் நெறைஞ்சி வழிஞ்சி கால்ல ஊத்துற வரைக்கும் நின்னுட்டு வந்துட்டேன். ஆறரை மாசமா இந்த ஊர்ல உன் பேரு கல்நெஞ்சுக்காரன். அந்தப் பேரு என்னுது.

இந்தச் சின்ன சாமியார் சாயந்தரத்துல கடைக்கு வருவாரு. போண்டான்னா உசிரு. போன வாரம் நான் கேட்டேன், "சாமி, மோட்சம் போறது சுலுவா, கஷ்டமா?"

"ஏம்மா, எப்பக் கெளம்புறீங்க?" ன்னாரு. நமக்கேத்த ஆளு.

"வெளையாடாதீங்க சாமி. சொல்லுங்க."

"சுலபம்தாம்மா. சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன் ஒரே வார்த்தையில போகலையா?"

"போனான். அவன் யாரு வூட்டுல கொள்ளையடிச்சானோ, அந்த வூட்டுக்காரங்க அந்த வார்த்தையைக் கேட்டாங்களா? அவங்க இன்னா ஆனாங்க?"

அவரு இன்னொரு போண்டாவை எடுத்தாரு. "கையை நீட்டினா போதும்மா, கடவுள் குடுத்துடுவாரு. கையில வேற எதையாவது கெட்டியா புடிச்சிருந்தாத்தான் கஷ்டம்."

"செத்த பொண்ணைப் புடிச்சிருந்தா?"

பாதி போண்டாவை இலையில வெச்சிட்டாரு. பழைய சாமியாரா இருந்தா ஒரு வசனம் எடுத்து வுட்டிருப்பாரு. இவரு விரலைத் துடைச்சிக்கினே, "நீங்க யாருக்காகக் கேக்கறீங்க, அண்ணனுக்காகவா, உங்களுக்காகவா?" ன்னாரு. "போண்டா ஆறுதுங்க சாமி" ன்னேன்.

அவருக்குத் தெரியல. எனக்கும் தெரியல. ஒன்னு மட்டும் தெரியுது. உனக்கு ஒரு கதவு திறந்துச்சி. அந்தக் கட்டில்கிட்ட நீ போயிருந்தா, கால்ல வுழுந்த மனுசனைத் தூக்கியிருப்பியோ, எட்டி உதைச்சிட்டு வந்திருப்பியோ, எதுவா இருந்தாலும் அது உன் முடிவா இருந்திருக்கும். நான் அந்தக் கதவு முன்னாடி அடுப்பைப் போட்டு உக்காந்துட்டேன். இன்னாசி மாமா அன்னைக்கு ஜீப்பைத் தரல. நான் சேதியைத் தரல. எங்க ரெண்டு பேருக்கும் இன்னாண்ணா வித்தியாசம்? அவருக்காவது புனிதர் சாக்கு இருந்துச்சி.

ரெண்டு பேரும் உத்தரிக்கிற ஸ்தலத்துல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கீங்களோ என்னமோ. அப்டி இருந்தா அவரு இந்நேரம் எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லியிருப்பாரு. நீ என்மேல கோவமா இருப்ப. இரு. எனக்காகக் கோவத்தைக் கொறைச்சிக்க வேணாம், நான் கேக்கவும் மாட்டேன். இல்ல, அமலி நடுவுல உக்காந்துக்கினு உங்க ரெண்டு பேருக்கும் வாய்ப்பாடு கேக்கறாளா? பன்னெண்டாம் வாய்ப்பாட்டை இப்பவாவது சரியா சொன்னியா?

நாளைக்குக் கல்லறைத் திருநாள். உனக்கு ரெண்டு சத்தியம் பண்றேன்.

நாளைக்கு ஊரே கூடியிருக்கிறப்ப, இன்னாசி மாமா கல்லறை முன்னாடி தெரேசாக்காகிட்ட சொல்லிடறேன். சவரியண்ணன் வரமாட்டேன்னு சொல்லல, அவருக்குச் சேதியே போகல, வழியில நான் தின்னுட்டேன்னு. அவங்க அறைஞ்சாலும் வாங்கிக்கிறேன். பேச முடியாம போச்சின்னா இந்தப் பேப்பர் பலகையில இருக்கும், படிக்கத் தெரிஞ்ச எல்லாரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சிக் காட்டுங்க.

இன்னொன்னு. நான் இன்னும் இன்னாசி மாமாவை மன்னிக்கலண்ணா. எவ்ளோ இழுத்தாலும் வர மாட்டேங்குது. உன் வாயால அந்த வரியை நான் சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்த வரி வர்றப்ப என் வாயும் மூடித்தான் இருக்கும். நெசமா வர்ற அன்னைக்குத்தான் சொல்லுவேன், அன்னைக்குத்தான் வரிசையில போவேன். அது அடுத்த வாரமோ, நான் சாகிற அன்னைக்கோ, தெரியாது. கஷ்டமாத்தான் இருக்கும் போல இருக்கு. நீ எப்டி இத்தினி வருசம் நின்ன?

உன்கூடப் பொறந்து, உன் பேரைக் கெடுத்து, இப்ப அதைத் துடைக்க வந்திருக்கிற
உன் வாயாடித் தங்கச்சி,
ரோசாலி

ஒட்டறதுக்கு முன்னாடி இதையும் எழுதிடறேன். கல்லறைத் திருநாள் முடிஞ்சி இப்பதான் வந்தேன். உனக்கும் அமலிக்கும் மெழுகுவத்தி ஏத்திட்டு, இன்னொன்னை எடுத்துக்கினு இன்னாசி மாமாகிட்ட போனேன். தெரேசாக்கா அங்க தீர்த்த வாளியோட நின்னுட்டிருந்தாங்க, சாமியார் வரிசையா மந்திரிச்சிக்கினு வந்துட்டிருந்தாரு. வத்தியை வெச்சிட்டு, "அக்கா, உங்க சேதியை நான் அண்ணன்கிட்ட சொல்லவே இல்ல" ன்னேன். அவங்க என் மூஞ்சைப் பார்க்கல, என் காலைப் பார்த்தாங்க. வத்தி வெக்கறதுக்கு நீ அந்தக் கல்லறையில கட்டியிருக்கிற மாடம் முழங்கால் உயரம். என் புடவை முந்தானை அதுக்குள்ள தொங்கித் தீப் புடிச்சிருந்துச்சி. "நில்லுடி, ஆடாத" ன்னு சொல்லி வாளியை என்மேல கவுத்துட்டாங்க. புடவையில ஒரு முழம் போச்சி. மீதி இருந்த கல்லறைக்கெல்லாம் சாமியார் குழாய்த் தண்ணியை மந்திரிச்சித் தெளிச்சாரு.